பழைய பிக்கப் வண்டிக்குக் கட்டுப்படியாகும் மாற்று எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து சேருகிறார்கள். பாடி ஓரளவு நன்றாக இருக்கிறது, சேஸிஸை அரிக்கும் அளவுக்குத் துரு ஏறவில்லை, கதவைச் சாத்தினால் இன்னும் கனமாகத்தான் மூடுகிறது. எஞ்சின் மட்டும் நீலப் புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, மேடு ஏறும்போது திணறுகிறது. 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் ஓடிய செவ்ரோலே சி10, ஃபோர்டு எஃப்-100, டாட்ஜ் டி100 போன்ற வண்டிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இவற்றுக்கு வேறு எஞ்சின் வைப்பது அரிய வேலை அல்ல. எஞ்சின் அறை அகலமாக இருக்கும். பொருத்தமான எஞ்சின்களும் ஏராளமாக உற்பத்தியானவை. ஆயினும் முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்கள் எஞ்சினின் விலையையே மொத்தச் செலவு என்று எண்ணிவிடுகிறார்கள். எஞ்சினை வாங்கும் விலை வேறு, அது வண்டிக்குள் உட்கார்ந்து கியர்பாக்ஸுடன் இணைந்து சூடேறாமல் ஓடும் வரை ஆகும் செலவு வேறு. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் உறுப்புகளோடு எவ்வளவுக்கு எவ்வளவு ஒரு எஞ்சின் ஒத்துப்போகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அது மலிவானது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

எஞ்சின் தேட ஆரம்பிக்கும் முன், இப்போதிருப்பது உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து அடங்கிவிடுகிறது என்றால், பெரும்பாலும் வால்வு தண்டின் மேலுள்ள ரப்பர் சீல்கள் இறுகிப்போயிருக்கும்; அவற்றை மாற்றுவது சிறிய வேலைதான். ஐயம் இருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் வயரைப் பிரித்து வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜைத் திருகி ஸ்டார்ட்டரைச் சில சுற்றுகள் சுழலவிட்டு, வரும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் ஏழு சிலிண்டர்கள் 145 முதல் 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) வரை காட்டி, ஒன்று மட்டும் 95 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவில் நான்கில் மூன்று பங்காவது இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் பின்பற்றப்படும் கணக்கு. அதாவது இங்கே 112 வரையாவது வந்திருக்க வேண்டும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடியும் பார்த்தால், முள் 130க்கு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால் அளவு உயர்ந்திருக்கிறது. முள் அசையாமல் 95லேயே நின்றால் வால்வு சரியாக உட்காரவில்லை என்று கொள்ளலாம். அப்போது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்தாலே போதும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஒரு மணி நேரம் பிடிக்கும் இந்தச் சோதனை, தேவையில்லாமல் ஒரு முழு எஞ்சினை வாங்குவதிலிருந்து பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

எஞ்சின் முடிந்தேவிட்டது என்று தெரிந்தால், கையிலிருக்கும் எஞ்சினையே பிரித்து ரீபோர் செய்ய என்ன ஆகும் என்று முதலில் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். சிலிண்டர்களை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் முப்பது பங்கு, அதாவது ஏறக்குறைய 0.76 மி.மீ. பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன்களைப் போடுவது இதில் வழக்கமான அளவு. பிளாக்கில் வெடிப்பு இல்லாமல், ஏற்கெனவே அளவு மீறிக் கடையப்படாமல் இருந்தால், இந்த வழியில் மவுண்டிங், கியர்பாக்ஸ், சைலன்சர் பைப், வயரிங் எதுவும் மாறுவதில்லை. ஆகவே இந்த மதிப்பீட்டை ஓர் அளவுகோலாக வைத்து மற்ற வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வெளியில் வாங்கப் போனால் சில சொற்கள் காதில் விழும். சிலிண்டர் பிளாக், கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, பிஸ்டன் ஆகியவை மட்டும் பூட்டப்பட்டு வருவது ஷார்ட் பிளாக். அதன்மேல் சிலிண்டர் ஹெட்டுகளும் வால்வுகளை இயக்கும் உறுப்புகளும் சேர்ந்தால் லாங் பிளாக். பெட்டியில் அடைத்துப் புதிதாக வருவது கிரேட் எஞ்சின். அது லாங் பிளாக்காகவும் இருக்கலாம், கார்புரேட்டர் வரை எல்லாம் பூட்டியதாகவும் இருக்கலாம் என்பதால், என்னென்ன சேர்ந்து வருகிறது என்று வரி வரியாகக் கேட்டுக்கொள்வது அவசியம். தொழிற்சாலை முறையில் எல்லா அளவுகளும் சரிபார்க்கப்பட்டுத் திரும்பப் பூட்டப்பட்டவை ஒருவகை. தனிப் பட்டறையில் தேவைப்பட்டதை மட்டும் மாற்றிக் கட்டியவை இன்னொருவகை. இரண்டையும் விற்பவர்கள் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. எதை மாற்றினார்கள், எந்த அளவுக்குக் கடைந்தார்கள் என்பதைத் தாளில் எழுதித் தருபவரிடம் வாங்குவதே நல்லது. கடைசியாக, விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து இறக்கப்பட்ட ஓடிய எஞ்சின். விலையில் இதுதான் கீழே நிற்கும். சோதிக்கத் தெரிந்தவருக்கு இதுவே நல்ல பேரமாகவும் அமையும்.

இனி வண்டியின் பக்கம் வருவோம். ஓர் எஞ்சின் வண்டியோடு ஒட்டும் இடங்கள் பல. பக்கவாட்டில் மவுண்டிங், பின்னால் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் (எஞ்சினோடு போல்ட் போட்டுச் சேரும் மணி வடிவ உறை), அடியில் ஆயில் சம்ப் (ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி), இருபுறமும் எக்ஸாஸ்ட், முன்னால் ரேடியேட்டரும் ஃபேனும், இவை தவிர பெட்ரோல் பைப், ஆக்ஸிலரேட்டர் கம்பி, மீட்டர்களுக்குப் போகும் வயர்கள். இவற்றில் ஒவ்வொன்றும் ஒத்துப்போகாதபோது ஒரு செலவு முளைக்கும். சம்ப்பின் ஆழமான பகுதி எங்கே இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சேஸிஸின் குறுக்குச் சட்டம் இருக்கும் இடத்திலேயே சம்ப்பின் வயிறு வந்தால் எஞ்சின் கீழே இறங்கவே இறங்காது. சம்ப்பை மாற்றினால் உள்ளேயிருக்கும் ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாயையும் மாற்ற வேண்டும்.

செவ்ரோலே வண்டி வைத்திருப்பவருக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் அதிகம். 1955 மாடலில் 265 கன அங்குலக் கொள்ளளவுடன் அறிமுகமான செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8, அதன் பிறகு 283, 327, 305, 350 என்று பல அளவுகளில் வளர்ந்தபோதும், கியர்பாக்ஸோடு சேரும் போல்ட் அமைப்பை மாற்றிக்கொள்ளவில்லை. 1960களில் வந்த 230, 250, 292 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின்களுக்கும் அதே அமைப்புதான். எனவே ஆறு சிலிண்டர் சி10க்கு 350 வைக்க விரும்புபவர் சேஸிஸ் மவுண்டிங், எக்ஸாஸ்ட், ரேடியேட்டர் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டால், பல வண்டிகளில் கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொள்ள முடியும். 1967இல் முதலில் கமாரோ காரில் வந்த இந்த 350, பின்னர் பிக்கப்களிலும் பல பத்தாண்டுகள் ஓடியது. உதிரி பாகங்கள் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் எஞ்சின் இன்னொன்று இருப்பது அரிது.

இருந்தாலும் எல்லா 350களும் ஒன்றல்ல. 1985 வரை கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டுகளாக இருந்தது. 1986 முதல் ஒரே வளையமாக மாறியது. சீல் மாறியபோது கிராங்க்கின் பின்முனையும் மாறியதால், பழைய ஃப்ளைவீலை, அதாவது கிராங்க்கின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரத்தை, புதிய எஞ்சினில் பூட்ட முடியாது. பிந்தைய எஞ்சினுக்கு எதிர் எடை சேர்ந்த ஃப்ளைவீல் வேண்டும். 1996 முதல் பிக்கப்களில் வந்த வோர்டெக் 5.7 லிட்டர் எஞ்சினின் (இதுவும் 350தான், லிட்டர் கணக்கில்) சிலிண்டர் ஹெட் மிக நன்றாக மூச்சுவிடக்கூடியது. பிக்கப்பில் 255 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதன் இன்டேக் மேனிஃபோல்டைப் பிடிக்கும் போல்ட்டுகளின் அமைப்பு வேறு, ஆகவே பழைய மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் கையிலிருந்தாலும் புதிய மேனிஃபோல்டு ஒன்று வாங்கியாக வேண்டும். மேலும், பிந்தைய பிளாக்குகள் பலவற்றில் கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் பழைய பெட்ரோல் பம்ப்பைப் பூட்ட இடம் துளைக்கப்பட்டிருக்காது. அப்போது மின்சாரப் பம்ப் தேவைப்படும். இவை எதுவும் பெரிய தடைகள் அல்ல. வாங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

விற்பவர் சொல்வதை நம்பி 350 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் 305உம் 350உம் ஒன்றுபோலவே தோன்றும். பிளாக்கின் பின்புறத்தில், ஓட்டுநர் பக்கமாக, பெல் ஹவுசிங் சேரும் விளிம்பின் மேற்பரப்பில் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் எண் ஒன்று இருக்கும். கம்பி பிரஷ்ஷால் பிசுக்கைத் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் படிக்கலாம். 3970010 என்று இருந்தால் அது 1970களில் ஏராளமாக வந்த 350 பிளாக். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பட்டியலில் ஒப்பிட்டுப் பார்த்த பின்பே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்போது பலரும் ஆசைப்படுவது 1999 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் வந்த 5.3 லிட்டர் வி8. 1997இல் கார்வெட் காரில் தொடங்கிய எல்எஸ் குடும்பத்தைச் சேர்ந்தது இது. முதல் ஆண்டில் 270, பின்னர் 285 குதிரைத்திறன் தந்த, இரும்பு பிளாக் கொண்ட உறுதியான எஞ்சின். பழைய எஞ்சின் விற்கும் இடங்களில் தாராளமாகக் கிடைக்கும். என் பார்வையில் இது நல்ல எஞ்சின்தான், ஆனால் முதல் வண்டியில் கைவைப்பவருக்கு மலிவான எஞ்சின் அல்ல. கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல் போனால் போதும். இதற்கு 58 பி.எஸ்.ஐ. வேண்டும். அதற்கேற்ற பம்ப், ஃபில்டர், பைப்கள், டாங்க்கில் பெட்ரோல் அலையாமல் நிற்க ஓர் ஏற்பாடு எல்லாம் சேரும். எஞ்சினோடு அதன் கம்ப்யூட்டரும் முழு வயரிங்கும் வராவிட்டால் அவற்றைத் தனியாக வாங்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருக்கும் திருட்டுத் தடுப்புப் பூட்டையும் நீக்க வேண்டும். கிராங்க்கின் பின்முனை பழைய எஞ்சினைவிட ஏறக்குறைய 10 மி.மீ. உள்ளே தள்ளி இருப்பதால் பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு சேர்க்க இடைத்தட்டு தேவை. பக்க மவுண்டிங்குக்கும் மாற்றுத் தட்டு வேண்டும், ஆழமான சம்ப்பையும் மாற்ற நேரும். முழு வண்டியாகவே, ஓடும் நிலையில், கியர்பாக்ஸோடும் வயரிங்கோடும் சேர்த்து வாங்க முடிந்தால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். அப்போது எரிபொருள் சிக்கனத்துக்கும் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கும் இதை மிஞ்ச முடியாது. வாங்கும்போது, சுமை குறைந்தால் சில சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் வசதியுள்ள பிந்தைய மாடல்களைத் தவிர்ப்பது நல்லது. அந்த வசதிக்கான லிஃப்டர்கள் (கேம் ஷாஃப்ட்டின் அசைவை வால்வுகளுக்குக் கடத்தும் உறுப்புகள்) பழுதாவது பரவலாக அறியப்பட்ட குறை.

ஃபோர்டில் கதை சற்றுச் சிக்கலானது, ஏனெனில் ஒரே காலத்தில் பல எஞ்சின் குடும்பங்கள் ஓடின. 352, 360, 390 கன அங்குல எஃப்இ எஞ்சின்களின் பெல் ஹவுசிங் வேறு. 302 வி8உடைய பெல் ஹவுசிங் வேறு. எஃப்இ இருந்த வண்டியில் 302 வைத்தால் கியர்பாக்ஸும் கூடவே மாற வேண்டும். ஆனால் 1965இல் வந்த 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கும் 302க்கும் பெல் ஹவுசிங் ஒத்துப்போகும். அந்த 300ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை: ஏழு மெயின் பேரிங்குகள், செயினுக்குப் பதில் பற்சக்கரத்தால் சுழலும் கேம் ஷாஃப்ட், தாழ்ந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை. 1996 வரை பிக்கப்களில் வந்தது. உங்கள் எஃப்-100இல் அது இருந்து, வேகத்தில் ஆசை இல்லையென்றால், அதையே ரீபோர் செய்துகொள்வதைத் தவிர வேறொன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 302 தேடுபவர்களுக்கு 1996 முதல் 2001 வரை எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் வந்த 5.0 லிட்டர் (அதே 302, லிட்டர் கணக்கில்) நல்ல தேர்வு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: 302இன் சமநிலை எடை 1980களின் தொடக்கத்தில் 28 அவுன்ஸ்-அங்குலத்திலிருந்து 50க்கு மாறியது. பழைய ஃப்ளைவீலையோ கிராங்க்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் டேம்பரையோ புதிய எஞ்சினில் பூட்டினால், வண்டி ஓடும், ஆனால் அதிர்ந்துகொண்டே பேரிங்குகளைத் தின்றுவிடும்.

டாட்ஜில் சாய்ந்த ஆறு சிலிண்டரான 225க்கும் 318 வி8க்கும் பெல் ஹவுசிங் ஒத்துப்போகாது. ஏற்கெனவே வி8 இருந்த வண்டிக்கு 318 அல்லது 360 தேடுவதே எளிய வழி.

ஓடிய எஞ்சினை வாங்கும்போது, இயன்றவரை அது வண்டியில் இருக்கும்போதே, அதுவும் முற்றிலும் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சூடாக்கி வைத்திருக்கும் எஞ்சின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். சூடேறிய பின் ஆயில் பிரஷர் ஒவ்வொரு 1000 சுழற்சிக்கும் 10 பி.எஸ்.ஐ. வீதமாவது இருக்கிறதா என்று பார்க்கலாம். ஏற்கெனவே இறக்கி வைத்த எஞ்சின் என்றால், ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காபி போன்ற படிவு இருக்கிறதா, கிராங்க்கை முன்முனை போல்ட்டில் ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் இரண்டு முழுச் சுற்றும் ஒரே சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங் மூடியைத் திறந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் நலம். செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் அந்த எஞ்சினை ரீபோர் விலைக்குத்தான் கணக்கிட வேண்டும்.

குதிரைத்திறன் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்க நிறுவனங்கள் 1971 வரை பெரும்பாலும் ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் போன்றவை இல்லாத எஞ்சினின் அளவையே வெளியிட்டன. 1972 முதல் எல்லாம் பூட்டிய நிலையில் அளந்தார்கள். கார்வெட்டின் அடிப்படை 350 எஞ்சின் 1971இல் 270 என்றும் 1972இல் 200 என்றும் அறிவிக்கப்பட்டதற்குக் காரணம் இந்த அளவு முறைதான். பிக்கப்புக்கு வேண்டியது தாழ்ந்த சுழற்சியில் இழுவை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு இரு மடங்கு பலமுள்ள எஞ்சினை வைப்பவர், பிரேக்குக்கும் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

புகைச் சட்டத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. அதற்குப் பிந்தைய வண்டியில் எஞ்சினை மாற்றினால், வைக்கும் எஞ்சின் அதே ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாகவும், தன் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களோடும் இருக்க வேண்டும்.

பூட்டும்போது நேரும் பிழைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது நல்ல கியர்பாக்ஸ் ஒன்றை நிமிடத்தில் கெடுத்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியில், கிளட்ச்சின் இடத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸுக்குள் தள்ளித் திருப்பும்போது, அது ஒவ்வொரு பள்ளமாகக் கண்டுபிடித்துப் படிப்படியாக உள்ளே இறங்க வேண்டும். கடைசிப் படியில் உட்காராமல் நிற்கும்போதே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் போல்ட் போட்டு இழுத்தால், உள்ளேயிருக்கும் ஆயில் பம்ப் நொறுங்கிவிடும். இரண்டும் கையாலேயே முழுவதும் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு கன்வெர்ட்டருக்கும் எஞ்சினின் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீலுக்குப் பதிலாக வரும் மெல்லிய தட்டு) இடையில் 3 முதல் 5 மி.மீ. வரை இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் நிறுத்திப் பிரித்துப் பாருங்கள்.

புதிதாகக் கட்டிய எஞ்சினில் கேம் ஷாஃப்ட் எந்த வகை என்பதையும் வாங்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். தட்டையான லிஃப்டர் வகையானால், முதல் ஸ்டார்ட்டிலேயே 2000 முதல் 2500 சுழற்சியில் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். துத்தநாகச் சேர்க்கை நிறைந்த ஆயிலும் அவசியம். ரோலர் லிஃப்டர் வகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. விலை சற்றுக் கூடுதலானாலும், வாய்ப்பிருந்தால் ரோலர் வகையையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

மறுசீரமைத்த எஞ்சினை விற்பவர்கள் பழைய எஞ்சினுக்காக ஒரு முன்பணம் பிடித்து வைத்துக்கொண்டு, அதைக் கொண்டுவந்து கொடுத்தால் திருப்பித் தருவார்கள். வெடித்த பிளாக்குக்கு அந்தப் பணம் முழுவதும் கிடைக்காமல் போகலாம் என்பதால், நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆனால் வண்டியோடு பிறந்த எஞ்சின் இன்னும் அதிலேயே இருக்கிறது என்றால், அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்தாவது அதை வைத்துக்கொள்ள முயலுங்கள்; வண்டியை என்றாவது விற்க நேர்ந்தால் அதற்கு மதிப்புண்டு. ஸ்பார்க் பிளக் துளைகள் வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது ஆயில் விட்டு, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பிளக்குகளைத் திரும்பப் பூட்டி, திறந்திருக்கும் வாய்களையெல்லாம் மூடி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டையின்மேல் வைத்து மூடிவிட்டால், சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்பேனரால் சுற்றிவிடுவதைத் தவிர அதற்கு வேறு பராமரிப்பு வேண்டியதில்லை.